மோதிர விரலுக்கு இடமில்லை

காபியில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டிருந்தாள் ஓபல். தனியார் துப்பறிவாளன் ராய்ஸ் ஹேட்லி அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, காகிதக் கோப்பையைக் காரின் தரையில் வைத்தான்.

"எப்படி இருந்தது பாஸ்?"

"சூடா இருந்தது."

ஓபல் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். "பார்த்தியா கண்ணு? இந்த நாக்கை நம்பித்தான் உன் கேஸைக் கொடுத்திருக்கே."

பின்சீட்டில் இருந்த ஜோலீன் ரக்கர் சிரிக்கவில்லை. ராய்ஸும் சிரிக்கவில்லை. அவன் மனைவி ஐரீன் போன குளிர்காலத்தில் இறந்துபோனாள். அன்றிலிருந்து அவனுக்கு உப்பும் ஒன்றுதான், சர்க்கரையும் ஒன்றுதான். வேலையில் குறை வைப்பதில்லை. கண் பார்த்தது, கால் நடந்தது, கேட்க வேண்டியதை வாய் கேட்டது. உள்ளே மட்டும் எதுவும் நடக்கவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்று, அவனிடம் டைப் அடிக்க வந்து, வாயை மூடத் தெரியாததால் உதவியாளராகிவிட்ட ஓபலுக்கு இது ஒரு சவால். அந்த முகத்தைச் சுளிக்கவாவது வைத்துவிட வேண்டும் என்று மாதக்கணக்கில் முயன்றுகொண்டிருந்தாள்.

கார்வர் ஃபோர்க் ஊர்க் கண்காட்சித் திடலில் பிக்கப் வண்டிகள் சேற்றில் வரிசை கட்டி நின்றன. மாடுகளைக் கட்டும் தகரக் கொட்டகையில் அந்த வாரக் கடைசிக்குத் துப்பாக்கிச் சந்தை போட்டிருந்தார்கள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றான் ராய்ஸ்.

ஜோலீன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். ஷெரீஃபிடம் பலமுறை சொல்லிச் சொல்லி அந்த வார்த்தைகளில் ஈரமே இல்லை. கணவன் டேல், இரண்டு வருஷம் முன்னால் இலையுதிர் காலத்தில் எல்க் மான் வேட்டைக்குப் போனான். திரும்பவில்லை. ஆற்றங்கரையில் அவன் வண்டி கதவு திறந்தபடி நின்றது. ஸ்டியரிங்கில் அவன் ரத்தம். உடல் கிடைக்கவில்லை. அவன் கைத்துப்பாக்கியும் கிடைக்கவில்லை. அதற்கு முந்தின நாள் புருஷனும் பெண்டாட்டியும் போட்ட சண்டை பக்கத்து வீடு வரை கேட்டிருந்தது. ஊருக்கு அது போதும். அவனை அவன் துப்பாக்கியாலேயே சுட்டு, இரண்டையும் ஆற்றில் தள்ளிவிட்டாள் என்று ஷெரீஃப் முடிவு கட்டியிருந்தார். குற்றப்பத்திரிகை தயாராகிக்கொண்டிருந்தது.

அந்தத் துப்பாக்கியை இந்தச் சந்தையில் பார்த்ததாக நேற்று அவள் அண்ணன் போனில் சொன்னான்.

"என்ன சண்டை?" என்றாள் ஓபல்.

"கூரை ஒழுகுது, எப்ப சரி பண்ணுவேன்னு கேட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"துப்பாக்கிக்கு அடையாளம்?" என்றான் ராய்ஸ்.

"ஒரே குண்டு போடறது. நடுவுல மடக்கித் திறக்கணும். கீல்கிட்ட ஒரு திருகாணியை வெண்ணெய்க் கத்தியால திருகப் பார்த்துத் தலையைச் சிதைச்சு வெச்சிருப்பான். கத்தியும் போச்சு. அப்புறம் குழல் நுனில மேல ஒரு பள்ளம். குதிரை மிதிச்சது."

"பிடி?"

"கறுப்பு ரப்பர். வாங்கும்போதே இருந்தது."

"அவரோட கை?"

"இடது கைக்காரன். அந்தக் கைல மோதிர விரல் கிடையாது. வைக்கோல் கட்டற மெஷின்ல மாட்டினது. நாங்க பழகறதுக்கு முன்னாடியே."

"அப்போ கல்யாண மோதிரம்?"

"போடலை. போட இடமில்லையேன்னு சிரிப்பான்."

அவள் உள்ளே வர மறுத்தாள். "நான் நுழைஞ்சா எல்லாரும் பேச்சை நிறுத்திடுவாங்க. நீங்க போய்ட்டு வாங்க."

கொட்டகைக்குள் எண்ணெய் வாடையும் வறுத்த வெங்காய வாடையும் சேர்ந்து அடித்தது. கடைசி வரிசையில், சாசேஜ் ரொட்டியைக் கடித்தபடி விர்ஜில் ஸ்டாம்பர் உட்கார்ந்திருந்தான். மேஜை நிறைய வேட்டைத் துப்பாக்கிகள். ஓரத்தில், பச்சைத் துணி மேல், அது.

"தொடலாமா?" என்றான் ராய்ஸ்.

"தொடறதுக்குக் காசு கிடையாது. அறுநூறு டாலர், வாங்கறதா இருந்தா."

"ஒரே ஒரு குண்டுக்கா?" என்றாள் ஓபல். "என் முதல் கல்யாணம் மாதிரி இருக்கு. ஒரு சான்ஸ், அதுவும் குறி தவறிடும்."

விர்ஜில் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "அம்மா யாரு?"

"இவரோட அக்கா. துப்பாக்கி வாங்க இவரைத் தனியா அனுப்ப வீட்டுல பயப்படறாங்க."

அந்த வீட்டில் யாரும் இல்லை என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ராய்ஸின் முகத்தில் எதுவும் ஓடவில்லை. அவன் ஏற்கெனவே துப்பாக்கியை மடக்கித் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மூடினான். காதருகே வைத்துக் குலுக்கினான். சத்தமில்லை. குழலுக்கும் உடலுக்கும் நடுவே இருந்த இடுக்கைக் கூரை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். நூல் போல ஒரு வெளிச்சக் கோடு.

"கீல் கெட்டியா இருக்கு. நிறைய சுட்டிருக்காங்க, ஆனா அளவுக்கு மேல மருந்து திணிச்ச தோட்டா போட்டுக் கெடுக்கலை."

"நான் என்ன ஓட்டை உடைசலையா விக்கறேன்?"

"சுத்தியலை இழுத்துப் பார்க்கலாமா? பொய்த்தோட்டா இருந்தா கொடுங்க. தோட்டா இல்லாம அடிச்சா உள்ளே ஊசி ஒடிஞ்சுடும்."

விர்ஜில் மரியாதையோடு பொய்த்தோட்டாவை எடுத்துக் கொடுத்தான். விவரம் தெரிந்த ஆளிடம் விலை இறங்கும் என்ற கவலையும் அந்த மரியாதையில் கலந்திருந்தது. ராய்ஸ் சுத்தியலை இழுத்து நிறுத்தி, பின்னாலிருந்து கட்டை விரலால் அழுத்தினான். நழுவவில்லை. விசையைத் தட்டினான். கண்ணாடிக் குச்சி ஒடிவதைப் போல மெல்லிய சத்தம். குழலின் பின்பக்கம் சின்ன டார்ச்சைப் பிடித்து முன்பக்கமாக உள்ளே பார்த்தான்.

"உள்ளே புரி கூர்மையா இருக்கு. நீலப்பூச்சு பழசு. திருப்பிப் பூசலை, பொறிச்ச எழுத்தோட ஓரமெல்லாம் மழுங்காம இருக்கு."

"பாஸ், நீங்க இவருக்காகப் பேசறீங்களா, நமக்காகவா?" என்றாள் ஓபல்.

"இனிமேதான் நமக்காக." ராய்ஸ் கீலருகே விரலை வைத்தான். "இந்தத் திருகாணித் தலையை யாரோ கண்டதை விட்டுத் திருகிச் சிதைச்சிருக்காங்க. அம்பது குறைங்க. குழல் நுனியில பள்ளம். இன்னொரு அம்பது."

ஓபல் அந்தத் திருகாணியைப் பார்த்தாள். அடுத்து பள்ளத்தை. வெண்ணெய்க் கத்தி. குதிரை. ஜோலீனின் அண்ணன் தப்பாகப் பார்க்கவில்லை. அதே துப்பாக்கிதான்.

"கழிக்கறவர் கூட்டவும் செய்யணும்ல?" விர்ஜில் ரொட்டியைக் கீழே வைத்தான். "பிடியைப் பாருங்க. ரப்பர் இல்லை. வால்நட் மரம், கையால செதுக்கினது. அந்த வேலைக்கே நூத்தம்பது கொடுக்கலாம்."

ராய்ஸ் பிடியை வலது கையால் பற்றினான். உள்ளங்கையில் இருக்க வேண்டிய மேடு விரல் பக்கம் இடித்தது. இடது கைக்கு மாற்றினான். கச்சிதமாக உட்கார்ந்தது, ஒரே ஒரு விரலைத் தவிர. கட்டை விரலுக்குப் பள்ளம் இருந்தது. நடுவிரலுக்கு இருந்தது. சுண்டு விரலுக்குக்கூட இருந்தது. மோதிர விரல் வர வேண்டிய இடத்தில் மரம் வழவழப்பாக மேடிட்டிருந்தது.

அவன் அதை இரண்டு தடவை தடவிப் பார்த்தான்.

"இது விலையைக் கூட்டாது, இறக்கும்" என்றான். "உலகத்துல ஒரே ஒரு கைக்குத்தான் இது சேரும்."

"அது ஒரு ஸ்டைல்" என்றான் விர்ஜில்.

"விரல் இல்லாத ஸ்டைலா?" என்றாள் ஓபல். அவள் குரல் லேசாக மாறியிருந்தது. ராய்ஸிடம் குனிந்து கிசுகிசுத்தாள். "அவன் காணாமப் போறதுக்கு முன்னாடியே பொண்டாட்டிக்குத் தெரியாம செய்யச் சொல்லியிருக்கலாம் பாஸ். இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

ராய்ஸ் தலையாட்டினான். விர்ஜிலுக்கோ விலை கைநழுவிப்போகிற பதற்றம்.

"சேருமோ சேராதோ, மரத்தைப் பாருங்க சார். இது எந்த மரம் தெரியுமா? ஹோப்வெல் ஊர்ல சர்ச் வாசல்ல நின்ன வால்நட் மரம். எங்க தாத்தா காலத்து மரம். அந்த ஊர்ல ஒருத்தர் வாங்கி இழைச்சு, கத்திப்பிடி, துப்பாக்கிப் பிடின்னு செஞ்சு விக்கறார். ஒவ்வொண்ணுலயும் அடில சின்னதா சிலுவை போட்டிருப்பார். திருப்பிப் பாருங்க."

ராய்ஸ் திருப்பினான். சிலுவை இருந்தது.

"மரம் எப்ப விழுந்தது?"

"போன வருஷம் ஜூன் புயல்ல. மணிக்கூண்டையும் சேர்த்துச் சாய்ச்சுட்டுப் போச்சே, பேப்பர்லகூட வந்ததே."

ஓபல் மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஆற்றில் இரண்டு வருஷமாகக் கிடக்க வேண்டியவனுக்கு, போன வருஷம் ஜூனில் விழுந்த மரத்தில் ஒருவர் பிடி செதுக்கிக் கொடுத்திருக்கிறார்.

ராய்ஸ் தன் அடையாள அட்டையை எடுத்துப் பச்சைத் துணி மேல் வைத்தான். "இதை யார்கிட்ட வாங்கினீங்க?"

விர்ஜில் அட்டையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். "திருட்டுச் சாமானா?"

"இல்லை. ஆனா ஷெரீஃப் வந்து கேட்கற வரைக்கும் யாருக்கும் விக்காதீங்க."

"ஒரு பொம்பளைதான் கொண்டுவந்தாங்க. ரூத்தேன் பெல். ஹோப்வெல்ல, தானியக் கிடங்குக்குப் பின்னாடி மஞ்சள் வீடு. நான் முந்நூறுன்னேன். சரின்னுட்டாங்க. நானூறு வரைக்கும் ஏறலாம்னு இருந்தேன். பேரமே பேசலை."

"பேரம் பேசாதவங்க அந்தப் பொருளை வீட்டை விட்டு வெளியே தள்ளணும்னு வர்றவங்க" என்றான் ராய்ஸ், யாரிடமும் சொல்லாததைப் போல.

காரில் அவன் விஷயத்தை ஜோலீனிடம் நேராகச் சொன்னான். டேல் ஆற்றில் போகவில்லை. போன வருஷம் ஜூனுக்குப் பிறகும் உயிரோடு இருந்திருக்கிறான், மலைக்கு அந்தப்பக்கம், ஒன்றரை மணி நேரத் தூரத்தில்.

ஜோலீன் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினாள். பிறகு, "ஹீட்டரைக் கொஞ்சம் குறைங்க" என்றாள்.

மலைப்பாதையில் பைன் மரங்களுக்கு நடுவே கார் ஏறியது. ஓபல் தாங்க முடியாமல் கேட்டாள். "அவனைப் பார்த்ததும் என்ன சொல்லப்போறே கண்ணு?"

"தெரியலை."

"நானா இருந்தா முதல்ல கன்னத்துல ஒண்ணு. அப்புறம் கூரை ஒழுகறதைப் பத்திக் கேட்பேன்."

"எனக்கு எதுவும் தோணலை ஓபல். தோணணும்னு பார்க்கறேன். வரமாட்டேங்குது."

ராய்ஸ் பின்காட்சிக் கண்ணாடியில் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு மறுபடி பாதையைப் பார்த்தான்.

மஞ்சள் வீட்டின் புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. வாசல் படியோரம் ஆண்கள் போடும் பூட்ஸ் ஒரு ஜோடி.

"ஆள் வீட்டுலதான் இருக்கான்" என்றாள் ஓபல்.

ஜோலீன் இறங்கிவிட்டாள். காலையிலிருந்து முதல் முறையாக அவள் நடையில் ஒரு வேகம் இருந்தது. முன்னால் படியேறிய ராய்ஸ் பூட்ஸ் அருகே குனிந்தான். ஒன்றின் வாயில் சிலந்தி வலை பின்னியிருந்தது. இன்னொன்றுக்குள் காய்ந்த இலைகள்.

"ஜோலீன், கொஞ்சம் நில்லுங்க."

"ஏன்?"

"இதை ரொம்ப நாளா யாரும் போடலை."

"வேற பூட்ஸ் வாங்கியிருப்பான்."

"நல்ல துப்பாக்கியைப் பேரம் பேசாம வித்திருக்காங்க. காசுக்கு ஆகாத பூட்ஸை வாசல்லயே வெச்சிருக்காங்க." அவன் நிமிர்ந்தான். "உள்ளே போறதுக்கு முன்னாடி நீங்க அதை யோசிச்சுக்கணும்."

அவன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஐரீனின் மழைக்கோட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவன் சொல்லவில்லை.

அவர்கள் தட்டுவதற்குள் கதவு திறந்தது. நாற்பது வயது இருக்கும் ஒரு பெண், கையில் துடைக்கிற துணியோடு நின்றாள்.

"யார் வேணும்?"

"ரூத்தேன் பெல்லா? நீங்க வித்த துப்பாக்கி விஷயமா வந்தோம். அது உங்க வீட்டுக்காரரோடதா?"

"ஆமா, டீனோடது." அவள் துணியை மடித்தாள். "அவர் ஏப்ரல்ல தவறிட்டாரு. முட்டை சாப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. நெஞ்சைப் பிடிச்சாரு. அவ்வளவுதான். வீட்டுல துப்பாக்கி இருந்தா எனக்குத் தூக்கம் வரலை, அதான் கொடுத்துட்டேன். உள்ளே வாங்க, குளிருது."

சமையலறையில் பீன்ஸ் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. குளிர்பெட்டி மேல் காந்தத்தில் ஒரு போட்டோ. தாடிக்காரன் ஒருவன் பெரிய மீனைத் தூக்கிப் பிடித்திருந்தான். அதைப் பிடித்த இடது கையில் நான்கு விரல்கள்.

ஜோலீன் அதன் அருகில் போய் நின்றாள்.

"தாடி வெச்சிருக்கான்" என்றாள்.

"உங்களுக்கு டீனைத் தெரியுமா?"

"டேல். டேல் ரக்கர். நான் அவன் பொண்டாட்டி."

ரூத்தேன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பிறகு உட்கார்ந்தாள்.  

"அவர் பொண்டாட்டி செத்துப்போயிட்டதா சொன்னாரு" என்றாள் ரூத்தேன்.

"எப்படிச் செத்தேனாம்?"

"புத்துநோய். ரொம்ப நாள் படுக்கையில இருந்தீங்களாம். அவர்தான் கூடவே இருந்து பார்த்துக்கிட்டாராம்."

"ராத்திரியில எழுந்து தண்ணி கொடுத்ததெல்லாம் சொன்னாரா?" என்று கேட்டான் ராய்ஸ். வழக்குக்கு அந்தக் கேள்வி தேவையில்லை. ஓபல் அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஐரீனுக்கும் அதே நோய்தான்.

"சொன்னாரு. ஸ்பூன்ல கொடுப்பாராம். பாதி தலையணையில சிந்திடுமாம்." ரூத்தேன் தன் கைகளைப் பார்த்தாள். "அதைக் கேட்டுத்தான் எனக்கு அவரைப் பிடிச்சது."

ராய்ஸ் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். அவன் தாடை இறுகி இறுகித் தளர்வதை ஓபல் பின்னாலிருந்து பார்த்தாள். மாதக்கணக்காக எதிர்பார்த்த ஒன்று. இப்போது பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

"நான் அவனைக் கொன்னுட்டேன்னு ரெண்டு வருஷமா எங்க ஊரே பேசுது" என்றாள் ஜோலீன். குரல் உயரவில்லை. "கடையில ரொட்டி வாங்கினா மீதிச் சில்லறையை என் கையில வைக்க மாட்டாங்க, மேஜையில வைப்பாங்க. ஜெயிலுக்கு அனுப்பவும் ரெடியாயிட்டாங்க. அவன் இங்க உட்கார்ந்துக்கிட்டு என்னைக் கொன்னிருக்கான். அதுவும் கொஞ்சம் கொஞ்சமா."

அவள் ரூத்தேன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க வந்து சொல்லணும்" என்றாள். "அவன் இங்கதான் இருந்தான், ஏப்ரல்லதான் செத்தான்னு. வேற யார் சொன்னாலும் நம்ப மாட்டாங்க."

"சொன்னா எங்க கல்யாணம் என்னாகும்?"

"செல்லாது" என்றான் ராய்ஸ், ஜன்னலைப் பார்த்தபடியே.

"இந்த வீடு அவர் பேர்ல இருக்கு. டீன் பெல் பேர்ல."

"அதுவும் சிக்கலாகும்."

"எனக்கு எதுவும் தெரியாது, இந்தப் பொம்பளையை நான் பார்த்ததே இல்லைன்னு சொல்லிட்டா?"

"சொல்லலாம். துப்பாக்கி விர்ஜில் மேஜையில இருக்கு. அதைக் காட்டி நாங்க போராடுவோம். நிச்சயம்னு சொல்ல முடியாது." அவன் திரும்பினான். "உங்களை நாங்க கட்டாயப்படுத்த முடியாது."

ரூத்தேன் ஜோலீனைப் பார்த்தாள். முதல் முறையாக நன்றாகப் பார்த்தாள். முகத்தை, ஒட்டிய கன்னத்தை, விரலில் இருந்த மெல்லிய மோதிரத்தை.

"உங்களைப் பத்தி நல்லாத்தான் சொல்வாரு" என்றாள். "பைபிள்ல இருக்கற பொம்பளை மாதிரின்னு. எனக்குப் பொறாமையா இருக்கும்."

"நான் கூரைக்காகக் கத்தினவ" என்றாள் ஜோலீன்.

"அதைச் சொல்லவே இல்லை."

"சொல்லியிருக்க மாட்டான்."

ரூத்தேன் எழுந்தாள். அடுப்பை அணைத்தாள். பானையை மூடினாள். கதவருகே மாட்டியிருந்த கோட்டை எடுத்தபோது அவளுக்குக் கை சரியாக நுழையவில்லை. ஓபல் போய்ப் பிடித்துக்கொடுத்தாள்.

போட்டோவைக் காந்தத்திலிருந்து எடுத்தது ஜோலீன்தான். எடுத்து ரூத்தேனிடம் கொடுத்தாள். அவள் அதைக் கோட்டின் உள்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வெளியே லேசாகப் பனி விழ ஆரம்பித்திருந்தது. ராய்ஸ் எஞ்சினைக் கிளப்பினான். ஓபல் முன்னால் ஏறினாள். இரண்டு பெண்களும் பின்சீட்டில், நடுவே கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். கார் தானியக் கிடங்கைத் தாண்டியது.

"ஷெரீஃப் அவர் பேரைக் கேட்பாரு இல்லையா?" என்றாள் ரூத்தேன். "எந்தப் பேரைச் சொல்றது?"

ஜோலீன் கண்ணாடியில் படிந்த ஈரத்தைக் கையால் துடைத்துவிட்டுப் பனியைப் பார்த்தாள்.

"ரெண்டையும் சொல்லுங்க" என்றாள்.